மத்தவன் என்னவாம்?

மோட்டர் விஷயம் நடந்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, படம் போடுகிற கபூர் காக்காவின் டெக் கொட்டிலில் எல்லோரும் இருந்தோம். முன்பாயில் ஜௌபரும் அவனுடைய பள்ளிவாசல் கமிட்டிப் பொடியன்மார் ஆறு பேரும். சுவரோரம் கரைவலை இழுக்கிறவர்கள், அவர்களுக்குள் என் வாப்பா. வாசலில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் கபூர் காக்கா. நடுவில், கச்சான் கடலைச் சுருளைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நான். பள்ளிவாசல் தலைவர் இல்லை. அவர் படம் பார்ப்பவரல்ல. பக்கத்து ஊர் நற்பிட்டிமுனையில் மோட்டருக்குக் கம்பி சுற்றிக் கட்டுகிற தங்கராசா அண்ணன் இல்லை. அவர் அங்கே ஒருநாளும் வந்தவரல்ல, அன்றைக்கு வலக்கையில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். பின் வாங்கில், யன்னல் மூலையில், ஒரு ஆள் இருக்கக்கூடிய இடம் காலியாக இருந்தது. நின்றுகொண்டு பார்த்தவர்கள்கூட அதில் போய் உட்காரவில்லை.

அந்த மூலைக்காரரை ஊர் 'சார்ஜன்' என்று கூப்பிட்டது. அவர் சார்ஜன் அல்ல. தெற்கில் எங்கேயோ பத்துப் பதினைந்து வருஷம் பொலிசில் வேலை செய்து, இடையில் விட்டுவிட்டு வந்த வெறும் பொலிஸ் கொன்ஸ்டபிள், பீசி. யார் கூப்பிட்டாலும் முதலில் அதைத் திருத்துவார்.

"சார்ஜன், வாங்க தேத்தண்ணி குடிப்பம்."

"நான் பீசி. தேத்தண்ணி குடிக்கலாம்."

ஐம்பது வயதுகூட இருக்காது. ஆனாலும் எல்லோருக்கும் அவர் ஒரு பழைய ஆள் போலத்தான். பாட்டாச் செருப்போடு நடந்தாலும் சப்பாத்துச் சத்தம் கேட்கிறமாதிரி நடப்பார். சேர்ட் பையில் எப்போதும் நீளவாக்கில் மடித்த ஒரு கொப்பி. ஆடு மேய்ந்த கதையென்றாலும் வேலிச் சண்டையென்றாலும் யாராவது அவரிடம் வந்து சொல்லத் தொடங்கினால் கொப்பியை எடுப்பார், கேட்பார், எழுதுவார். சொல்லி முடித்தவன் இனி இவர் நம் பக்கம் என்று மூச்சு விடும்போது கேட்பார்:

"சரி. மத்தவன் என்னவாம்?"

அதுதான் அவர். அவரைப் பற்றி வேறு என்ன எழுதினாலும் அந்தக் கேள்விக்குத்தான் திரும்பி வரவேண்டும். தேத்தண்ணிக் கடைக்காரர் ஒருநாள் பால்காரன் தண்ணி கலக்கிறான் என்று கை காலை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் கடைசிவரை கேட்டார்.

"மத்தவன் என்னவாம்?"

"அவன் மாடுதான் அப்பிடிக் கறக்கிது எண்டு செல்றான்."

"மாட்டப் பாத்தயா?"

"சார்ஜன், மாட்டுக்கிட்டயும் வாக்குமூலம் எடுக்கப் போறீங்களா?"

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பால்காரன் வீடு எந்த ஒழுங்கை என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

அவர் இருந்தது மௌத்தாகிப்போன மனைவியின் வீட்டில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. கல்யாணம் முடித்த ஆண்தான் அங்கே போய் வாழ்வான். அவருக்குப் பிள்ளை இல்லை. மனைவி போன பிறகு அவளுடைய தங்கச்சி குடும்பம் வீட்டுக்குள் வந்தது, அவர் முன் அறைக்கு வந்தார். மத்தியானச் சோறு ஒரு பீங்கானில் மூடி யன்னலால் வரும். தின்று, கழுவி, அதே யன்னலில் வைப்பார். அந்த அறைக்குள் ஒரு கட்டில், ஒரு மேசை, மேசைக்கு முன்னால் இரண்டு கதிரைகள். ஒன்று முறையிட வருகிறவனுக்கு. மற்றது மற்றவனுக்கு. நான் போன நேரமெல்லாம் அந்த இரண்டாவது கதிரையில் அவர் துவைத்துக் காயவைத்த சாரன்தான் கிடந்தது.

நான் ஏன் அங்கே போனேன் என்றால், புத்தகத்துக்கு. அவரிடம் பழைய ஆங்கில அகராதி ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். வாப்பாவுக்குப் பெருவிரல்தான் கையெழுத்து, உம்மாவுக்கும் அப்படித்தான். ஏ.எல். படிக்கத் தொடங்கியதும் தெருவில் வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளுக்கான கடிதம், பிரதேச செயலகத்துக்கான விண்ணப்பம் எல்லாம் என்னிடம் வந்தன. என் கையெழுத்தைப் பார்த்து ஆட்கள் "ப்ரிண்ட் அடிச்ச மாதிரி" என்பார்கள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கபூர் காக்கா வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சோறு தின்றதும் தொடங்குவார். ஐந்து ரூபாய். கசெட்டின் பெயர் மாறும், கதை மாறாது. நேர்மையான பொலிஸ்காரன் ஒருவன். அவனுடைய தங்கச்சியையோ கூட்டாளியையோ கொன்றுவிடுவார்கள். கோட்டில் வக்கீல் சிரித்துக்கொண்டு குற்றவாளியை வெளியே எடுப்பான். நீதவான் கண்ணாடியைத் துடைப்பார். பிறகு நம்முடைய ஆள் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, சட்டத்தைப் பற்றி நாலு வசனம் பேசிவிட்டுப் புறப்படுவான். அந்த இடத்தில் கொட்டில் கூரை பறக்கும்.

அது எங்களுக்கு ஏன் அவ்வளவு இனித்தது என்று இப்போது யோசிக்கிறேன். நாங்கள் கண்ட சீருடை வேறு. பஸ்ஸை மறித்து இறக்கி, வெயிலில் வரிசையாக நிறுத்தி, அடையாள அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற சீருடை. மாடு காணாமல் போனாலும் மனுஷன் காணாமல் போனாலும் "நாளைக்கு வா" என்கிற சீருடை. எங்கள் பாஷையில் கதைக்கிற, எங்களுக்காகக் கோபப்படுகிற, நாளைக்கு வா என்று சொல்லாத ஒரு பொலிஸ்காரனை அந்தச் சின்னப் பெட்டிக்குள் மட்டும்தான் கண்டோம். கைதட்டாமல் என்ன செய்வது?

சார்ஜனும் படத்தை ரசித்தார் என்பதை மறக்கக்கூடாது. முதல் ஆளாக வருவார். சண்டைக்குச் சிரிப்பார், பாட்டுக்கு விரலால் வாங்கில் தட்டுவார். கதாநாயகன் சல்யூட் அடித்தால் "முழங்கைய உசத்தடா" என்பார். ஆனால் சுட்டுத்தள்ளத் தொடங்கினால் கொப்பியை எடுத்து எண்ணுவார்.

"பதினேழு மௌத்து. பதினேழுக்கும் ஒரு மரண விசாரணை இல்ல."

"சார்ஜன், அவனுகள் கெட்டவனுகள்!" என்று முன்பாயிலிருந்து ஜௌபர் கத்துவான்.

"நீ படத்தத் தொடக்கத்திலிருந்து பாத்த. அதால தெரியும். அவன் பாத்தானா?"

ஜௌபர் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொள்வான். பிறகு யாராவது அவர் குரலிலேயே "மத்தவன் என்னவாம்?" என்று கத்த, கொட்டில் சிரிப்பால் அதிரும்.

இன்னொன்று. எந்தப் படத்தின் முடிவையும் அவர் பார்த்ததில்லை. படத்தின் கடைசிக் கட்டம் வரும்போது பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும். கபூர் காக்கா படத்தை அப்படியே நிறுத்துவார். துப்பாக்கியை நீட்டிய கதாநாயகன், குறுக்கே இரண்டு வெள்ளைக் கோடுகளோடு நடுங்கிக்கொண்டு நிற்பான். தொழுகிறவர்கள் போய்த் தொழுதுவிட்டு ஓடி வருவார்கள். போய்த் திரும்பி வராதவர் சார்ஜன் மட்டும். தொழுதுவிட்டுச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் தனியாக இருப்பார்.

ஒருநாள் படம் முடிந்து நான் அங்கே போய்ச் சீண்டினேன்.

"சார்ஜன், நீங்க சேர்விஸ்ல ஒருத்தனையும் சுடல்ல போல. அதான் உங்களுக்கு எரிச்சல்."

"நான் பீசி," என்றார். பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சுடல்ல. எழுதின."

"என்ன எழுதின?"

"தப்பி ஓடக்குள்ள சுட்ட எண்டு எழுதின. அந்தப் பொடியன்ட கால் முதல் நாளே ஒடஞ்சி கிடந்த. எனக்குத் தெரியும், நான்தான் அவனுக்குத் தண்ணி குடுத்த." தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்தார். "புத்தகத்தப் பாத்திட்டு ஸ்டேசன் பெரியவர் ஓ.ஐ.சி. சென்னார், உன்ட கையெழுத்து நல்லா இரிக்கி எண்டு."

கடைக்காரர் ரேடியோவைத் திருகினார். நான் அகராதியை எப்போது எடுக்கலாம் என்று கேட்டேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அவர் சொன்னது என் காதுக்குள் போனது, அதற்குமேல் போகவில்லை.

இனி மோட்டர் கதை.

பள்ளிச் சாமான் எதுவும் வக்பு, இறைவனுக்கென்று விட்ட சொத்து. ஒரு பாய் வெளியே போவதென்றாலும் ஜும்ஆவுக்குப் பிறகு மைக்கில் அறிவித்துவிட்டுத்தான் போகும். யார் கொண்டுபோகிறார், எதற்கு, எப்போது திரும்பும் என்று. அது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வாரம் கிணற்று மோட்டர் எரிந்துவிட்டது. தலைவர் தங்கராசா அண்ணனுக்குச் சொல்லியனுப்பி, வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வந்து எடுத்துப் போகச் சொல்லியிருந்தார். அன்றைக்குக் குத்பாப் பிரசங்கம் நீண்டுவிட்டது. அறிவிக்க மறந்துவிட்டார்.

படம் முடிந்து நாங்கள் வெளியே வந்தோம். அன்றைய கதாநாயகன் கோட்டுப் படிக்கட்டிலேயே வைத்துச் சுட்டிருந்தான். உடம்பெல்லாம் சூடு. சந்திக்கு வரும்போது, சைக்கிள் கரியரில் சாக்கால் சுற்றிய ஒரு பாரத்தைக் கட்டிக்கொண்டு ஒருவர் மிதித்து வந்தார். சாக்கு விலகிய இடத்தில் பச்சைப் பெயின்ட். பச்சையில் வெள்ளை எழுத்து: பள்ளி.

ஜௌபர்தான் முதலில் மறித்தான்.

"எங்கால இது?"

"பள்ளித் தலைவர் தந்தவர் தம்பி. கட்டுறத்துக்கு."

"அறிவிக்கல்லியே! பள்ளிச் சாமான் அறிவிக்காமப் போகுமா?"

"எனக்கு அது தெரியா தம்பி. தலைவர்ட்ட கேட்டுப் பாருங்க."

அவர் அதை மூன்று தரம் சொன்னார். நான் எண்ணினேன் என்றில்லை, ஆனால் மூன்று என்று தெரியும். தலைவரின் வீடு அந்தச் சந்தியிலிருந்து கூப்பிடு தூரம். முதல் அடி ஜௌபருடையது. பிறகு யாருடையது என்று சொல்ல முடியாது. ஒருவன் படத்து வசனத்தைச் சொல்லிக்கொண்டு அடித்தான். நான் அடிக்கவில்லை. மோட்டரோடு சைக்கிள் விழாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தேத்தண்ணிக் கடையிலிருந்து சார்ஜன் ஓடி வந்தார். அவர் ஓடி நான் கண்டது அன்றுதான். கூட்டத்துக்குள் நுழைந்து, கீழே கிடந்தவருக்கு மேல் தன் உடம்பைக் கொடுத்து நின்று கேட்டார்:

"மத்தவன் என்னவாம்?"

சிரித்தார்கள். வல்லாஹி, சிரித்தார்கள். பழக்கத்தில் எனக்கும் வாய் விரிந்தது. அதற்குள் கீழே கிடந்தவரின் வலக்கை வளையக்கூடாத பக்கம் வளைந்து கிடந்தது.

தங்கராசா அண்ணனை ஒரு வண்டிலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது சார்ஜன். ஆஸ்பத்திரியில் இருந்து பொலிசுக்குப் போனதும் அவரே. ஆனால் அங்கேயும் அவர் அவராகத்தான் இருந்தார். "அடிச்சத கண்டன். ஆரு தொடங்கின எண்டு காணல்ல. அவர் என்ன சென்னார் எண்டும் கேக்கல்ல" என்று எழுதிக் கொடுத்தாராம். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தால் வழக்கு நின்றிருக்கும். கூட்டவில்லை. அன்று இரவு சாப்பிடாமல் படுத்திருந்தேன். மறுநாள் காலை அவர் எங்கள் வாசலில் நின்றார்.

"மகன், நீ தொடக்கத்திலிருந்து நிண்ட."

"ஓம்."

"அவர் என்ன சென்னார் எண்டு கேட்டயா?"

உள்ளேயிருந்து வாப்பா வந்தார். ஜௌபரின் மாமாவுடைய வலையில்தான் வாப்பாவுக்கு வேலை. சேர்ட் இல்லாமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சத்தமா இரிந்த. ஒண்டும் வெளங்கல்ல," என்றேன்.

அவர் கொப்பியைத் திறந்து அதை எழுதிக்கொண்டார். நான் சொன்னபடியே. நேரமும் போட்டார்.

அன்று பின்னேரம் தலைவர் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஜௌபரும் பொடியன்மாரும் தலை குனிந்து இருந்தார்கள். தலைவர் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். தான் அறிவிக்க மறந்ததை வெளியே சொன்னால் பள்ளியின் பொறுப்பில் இருக்க முடியாது. சொல்லாவிட்டால் பொடியன்மாருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பொலிசுக்கு ஊர் சார்பில் ஒரு கடிதம் வேண்டும்.

"நீதான் படிச்ச புள்ள. வடிவா எழுது மகன்," என்றார். "அவன் களவெடுத்தான் எண்டு எழுத வேணாம், அது பாவம். சந்தேகத்தில மறிச்ச எண்டு எழுது. மறுகா…" மணி நின்றது. "மறுகா, நீயே ஒரு மாதிரி எழுது."

நானே ஒரு மாதிரி எழுதினேன். யாரும் அந்த வசனத்தை எனக்குச் சொல்லித் தரவில்லை. 'மேற்படி நபர் தப்பி ஓடும்போது சைக்கிளுடன் விழுந்து கையை முறித்துக்கொண்டார்.' தலைவர் வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்து, "முத்து முத்தா இரிக்கி" என்றார். வாப்பா கீழே பெருவிரல் வைத்தார், ஊரவர்களில் ஒருவராக.

ஞாயிற்றுக்கிழமை அகராதியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கொடுத்துவிட்டு இனி வரத் தேவையில்லை என்ற எண்ணத்தோடுதான் போனேன். பொலிசில் அவருக்குத் தெரிந்த யாரோ அந்தக் கடிதத்தைக் காட்டியிருந்தார்கள். அவர் மேசையில் இருந்தார். இரண்டாவது கதிரையில் அன்றைக்குச் சாரன் இல்லை. நான் அதில் உட்காரவில்லை. அவர் கேட்பார் என்று நினைத்தேன். மத்தவன் என்னவாம் என்று ஒரு தரம் கேட்டிருந்தால் அங்கேயே அழுது எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன் என்று பிறகு எத்தனையோ நாள் நினைத்துக்கொண்டேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

அவர் கேட்கவில்லை. அகராதியை வாங்கி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கோபமில்லை. தன் பழைய படம் ஒன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கையெழுத்து நல்லா இரிக்கி மகன்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் கொட்டிலுக்கு வரவில்லை. ஊரும் அவரிடம் போகவில்லை. தேத்தண்ணிக் கடையில் அவர் இருக்கும் வாங்கில் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். "ஊரக் காட்டிக் குடுத்தவர்" என்று ஜௌபர் அவருக்குக் கேட்கவே சொன்னான். அப்போதும் அவர் திரும்பிப் பார்த்து "நான் பீசி" என்று சொல்வாரோ என்று எதிர்பார்த்தேன். எழுந்து போனார். மனைவியின் தங்கச்சி புருஷன், மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது, முன் அறை தேவைப்படும் என்று யன்னலால் சொன்னான். சோற்றுப் பீங்கானோடு சொன்னானாம்.

இரண்டு ஊர்ப் பெரியவர்களும் இருந்து கதைத்து, வழக்கு வேண்டாம் என்று முடித்தார்கள். யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மோட்டர் பழையபடி கிணற்றடியில் கிடந்தது, கைகால் கழுவுகிற ஹவுழ்த் தொட்டிக்குக் கமிட்டிப் பொடியன்மார் வாளியால் தண்ணீர் இறைத்தார்கள். இரண்டு கிழமையில் களைத்துப்போனார்கள். அடுத்த ஜும்ஆவில் தலைவர் மைக்கில் அறிவித்தார்: பள்ளி மோட்டர் திருத்த வேலைக்கு வெளியே போகிறது. யாரிடம் என்று சொல்லவில்லை. யார் கொண்டுபோகிறார் என்றும் சொல்லவில்லை. சார்ஜன் தன் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினார். சாக்கால் மூடவில்லை. பச்சையும் வெள்ளை எழுத்தும் தெரிய, சந்தி வழியாக, மெதுவாக மிதித்துப் போனார்.

ஒரு மாதம் கழித்து அதே சைக்கிளில் அது திரும்பி வந்தது. தங்கராசா அண்ணன் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க, அவருடைய மச்சான் கம்பி சுற்றியிருக்கிறார். மோட்டரைக் கிணற்றடியில் இறக்கிவிட்டு, சார்ஜன் சேர்ட் பையிலிருந்து ஒரு கடதாசித் துண்டை எடுத்துத் தலைவரிடம் கொடுத்தார். நானும் அங்கே நின்றேன். தங்கராசா அண்ணன் இடக்கையால் எழுதிய எழுத்து. சின்னப் பிள்ளை எழுதியதுபோல ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தது. செப்புக் கம்பி, வார்னிஷ், கூலி. மொத்தம் அறுநூற்றைம்பது ரூபாய். கைக்கு, ஆஸ்பத்திரிக்கு, வேலை இல்லாத நாளுக்கு என்று ஒரு வரியும் இல்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் சார்ஜன் இறக்காமத்துக்குப் போய்விட்டார், தன் உம்மாவின் ஊருக்கு. ஏற்றிவிட யாரும் போகவில்லை. நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பெட்டி ஒன்று, அகராதி, ஒரு கட்டுக் கொப்பிகள். அந்தக் கொப்பிகளில் ஒன்றில் நான் சொன்னதும் நேரத்தோடு இருக்கும். இப்போது நான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். விரிவுரைக்குக் குறிப்பெடுக்கும்போது பக்கத்தில் இருக்கிறவர்கள் என் கையெழுத்தைப் புகழ்வார்கள். நான் கையால் மறைத்துக்கொள்வேன்.

தலைவர் அன்றைக்கு அந்தத் துண்டை இரண்டு தரம் வாசித்தார். பள்ளிக் காசு, பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும் என்றார். ஐம்பதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிச் சார்ஜனிடம் எண்ணிக் கொடுத்தார். எல்லாமாக எங்கள் ஊருக்குச் செலவானது அறுநூறு ரூபாய்.